ஃபர்னஸ் குளிர் காத்து அடிக்குது (கனடா, ஸ்காபரோ குடும்பக் குழு)

சுதா: ஆராவது முழிச்சிருக்கிறியளோ? ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கிற மெஷின்) ஓடுற சத்தம் கேக்குது, வென்ட்டால வாறது முழுக்கக் குளிர் காத்து. வீட்டுக்குள்ள 15 டிகிரி, வெளியில மைனஸ் 18 🥶

ராசன் மாமா: தெர்மோஸ்டாட்டில (சூட்டைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி) ஃபேன் "ஒன்"இல கிடக்கோ பார். அப்பிடிக் கிடந்தா நெருப்பு எரியாட்டிலும் ஃபேன் சுத்தும். "ஓட்டோ"வில விடு.

சுதா: ஓட்டோவிலதான் மாமா.

கௌரி மச்சாள்: ஃபில்டர்? அது அடைச்சா உள்ளுக்குச் சூடு ஏறி லிமிட் ஸ்விட்ச் நெருப்பை நிப்பாட்டிப்போடும், ஃபேன் மட்டும் ஓடும். எங்கட வீட்டில போன வருசம் அதுதான். நாய் மயிர் 🙄

சுதா: கழட்டிப் பாத்தன், வெள்ளையாக் கிடக்கு.

பெரியம்மா: கேஸ் மணக்குதோ? மணந்தா லைட் ஸ்விட்ச்சையும் தொடாதே. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வெளியில போய் நிண்டு 911 அடி.

சுதா: இல்லைப் பெரியம்மா. சிஓ (கார்பன் மொனொக்சைட் நச்சு வாயு) அலாரமும் கத்தேல்லை.

தர்சன்: அக்கா இப்பதான் பாத்தன். வெளிச்சுவரில ஃபர்னஸ் காத்தெடுக்கிற, புகை விடுற ரெண்டு வெள்ளைப் பைப் இருக்கும், ஸ்னோ மூடிட்டுதோ?

சுதா: அத்தான் போய்ப் பாத்திட்டார், ரெண்டும் கிளியர்.

தர்சன்: அப்ப கீழ போய் ஃபர்னஸ் கதவில இருக்கிற சின்னக் கண்ணாடிக்குள்ளால பாருங்கோ. என்ன நடக்குது?

சுதா: முதல்ல ஒரு சின்ன மோட்டர் சுத்துது. பிறகு பத்த வைக்கிற இக்னைட்டர் சிவக்குது, நீல நெருப்புப் பிடிக்குது. மூண்டு நாலு செக்கனில அணைஞ்சிடுது. திரும்பவும் அப்பிடியே.

தர்சன்: அனேகமா ஃபிளேம் சென்சர். நெருப்புக்குள்ள நீட்டிக்கொண்டு நிக்கிற கம்பி. அதில படை படிஞ்சா நெருப்பு எரியிறது ஃபர்னஸின்ர கொன்ட்ரோல் போர்டுக்குத் தெரியாது, கேஸை மூடிப்போடும். கொஞ்சத் தரம் முயற்சி செய்து பாத்திட்டு லொக் ஆகி நிண்டிடும்.

ராசன் மாமா: சாண்ட் பேப்பரால தேய்ச்சாச் சரி. யூடியூப்பில கிடக்கு.

தர்சன்: மாமா 😀 அது கம்பியைக் கீறும், கீறலுக்குள்ள இன்னும் கெதியாப் படியும். நாங்கள் வேலையில மெல்லிய ஸ்டீல் வூல்தான் பாவிக்கிறது. அதுவும் கரண்டையும் கேஸையும் மூடிப்போட்டு. அத்தானை பர்னர் பக்கம் கை வைக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ, விடிய வேலைக்குப் போக முதல் நான் வாறன்.

சுதா: ஒருக்கா ஓஃப் பண்ணி ஒன் பண்ணிப் பாக்கவோ?

தர்சன்: ஒருக்காப் பாக்கலாம். அதுக்கு முதல் போர்டில லைட் எத்தினை தரம் மின்னுதெண்டு வீடியோ எடுத்துப் போடுங்கோ. கரண்டை நிப்பாட்டினா சில மொடலில அந்த மின்னல் காட்டுற பிழைக் கோட் அழிஞ்சிடும்.

பெரியம்மா: சூட்டுக்குக் குசினி அவணைத் திறந்து வைக்காதேங்கோ!

கௌரி மச்சாள்: எங்களிட்ட எலக்ட்ரிக் ஹீட்டர் கிடக்கு, இவர் கொண்டு வாறார். எக்ஸ்டென்ஷன் வயரில கொழுவாதே, நேர சுவரில கொழுவு.

சுதா: டிரைவ்வேயில ஸ்னோ இன்னும் வழிக்கேல்லை மச்சாள், காரை ரோட்டில விடச் சொல்லுங்கோ.

ராசன் மாமா: ரோட்டில விட்டா டிக்கெட் அடிப்பான்.