முதுகுத்தண்டு காயத்துக்குப் பிறகு தனி வீடு: எதை முதலில் சரிசெய்வது?

புதுவாசல்:
வணக்கம். எனக்கு டி5 மட்டத்தில் (மார்புப் பகுதி முதுகெலும்பில் ஐந்தாவது) காயம். கைகளில் முழு பலம் உண்டு. கையால் உருட்டும் சக்கர நாற்காலிதான். தனியாக வாடகை வீட்டுக்குப் போக முடிவு செய்திருக்கிறேன். வாசலில் 3 படி, மொத்த உயரம் 45 செ.மீ. குளியலறைக் கதவு 72 செ.மீ. காலையில் 2 மணி நேரமும் இரவில் 1 மணி நேரமும் உதவியாளர் இருந்தால் போதும். ஆனால் "சாய்தளம் கட்டினால் வீட்டின் முகப்பு கெட்டுவிடும்" என்கிறார் வீட்டு உரிமையாளர். "ராத்திரி தனியாக இருக்கவே கூடாது" என்கிறார்கள் எங்கள் வீட்டில். எங்கிருந்து தொடங்குவது?

சாய்கோணம்:
வாசலில் இருந்து தொடங்குங்கள். வெளியே போய்வர ஒவ்வொரு முறையும் இன்னொருவர் வேண்டுமென்றால், உள்ளே என்ன வசதி செய்தும் பயனில்லை.

சாய்வு 1:12. அதாவது 1 செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம். உங்கள் 45 செ.மீ.க்கு 5.4 மீட்டர் ஆகும். இடமில்லை என்று கொத்தனார் 3 மீட்டரில் முடித்துக் கொடுப்பார். பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு இதுதான். அந்தச் சாய்வில் ஏறும்போது நாற்காலியின் முன்சக்கரம் தூக்கி, பின்பக்கமாகக் கவிழும். இறங்கும்போது வேகம் கைக்கு அடங்காது. நேராக 5.4 மீட்டர் கிடைக்காவிட்டால் நடுவில் 1.5 மீட்டர் சமதளம் விட்டுத் திருப்புங்கள். மேலேயும் கீழேயும் அதே 1.5 மீட்டர் சமதளம் வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் மேல் சமதளத்தை இன்னும் பெரிதாக்குங்கள். இல்லாவிட்டால் கதவை இழுக்கச் சரிவிலேயே பின்னால் உருள வேண்டியிருக்கும். கதவின் கைப்பிடிப் பக்கம் 45 செ.மீ. வெற்றுச் சுவர் இருந்தால் நாற்காலியை ஒதுக்கி நிறுத்திக் கதவைத் திறக்கலாம்.

சாய்தளம் தரையைத் தொடும் இடத்தையும் பாருங்கள். அங்கே 2 செ.மீ. மேடு நின்றாலே சின்ன முன்சக்கரம் முட்டி நின்றுவிடும், உடம்பு முன்னால் சரியும். சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிட்டால் மழையில் வழுக்காது. பக்கவாட்டில் 10 செ.மீ. தடுப்பு வையுங்கள்.

குளியலறைக் கதவு: 72 என்பது நிலையின் உள்ளளவு என்றால், கதவைத் திறந்த பிறகு அதன் கனம் போக 68 தான் கிடைக்கும். உங்கள் நாற்காலியின் இருக்கை அகலத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சக்கரத்தை உருட்டப் பிடிக்கும் கைவளையங்களின் வெளி விளிம்பிலிருந்து விளிம்பு வரை அளக்க வேண்டும். பொதுவாக இருக்கையைவிட 18 முதல் 20 செ.மீ. கூடும். அதற்குமேல் விரல் முட்டிக்கு இரு பக்கமும் இடம் வேண்டும். கதவை நிலைக்கு வெளியே முழுதாக ஒதுக்கிவிடும் கீல் மாட்டினால் அந்த 4 செ.மீ. திரும்பக் கிடைக்கும், நிலையை உடைக்க வேண்டாம். அதுவும் போதாவிட்டால் நிலையை மாற்றி 80 ஆக்குங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தால் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும்.

கழிப்பிட இருக்கையின் உயரம் நாற்காலி மெத்தையின் உயரத்தோடு ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலும் 43–48 செ.மீ. மெத்தையில் உட்கார்ந்து அது அமுங்கிய பிறகு அளந்து பாருங்கள். பிடிகம்பியை டைல்ஸ் மேல் பிளாஸ்டிக் செருகி போட்டு முடுக்குவது ஆபத்து. துண்டு போடும் கம்பிக்கு அது தாங்கும், 110 கிலோ இழுவைக்குத் தாங்காது. பின்னால் கெட்டியான சுவரோ பலகையோ வேண்டும், கம்பிக்கும் சுவருக்கும் 4 செ.மீ. இடைவெளி வேண்டும்.

சிங்க்குக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாயை மறக்காமல் உறை போட்டு மூடுங்கள். உணர்ச்சி இல்லாத முழங்கால் அதில் சாய்ந்தால் தோல் வெந்த பிறகுதான் தெரியும்.

தோள்கொடு:
இரவு குறித்து வீட்டார் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் காரணத்துக்கு மருந்து காவல் இல்லை, தயாரிப்பு.

டி6 மட்டத்திலோ அதற்கு மேலேயோ காயம் என்றால் இரத்த அழுத்தம் திடீரென எகிறும் நிலை வரலாம். பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிரம்புவதும் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) மடங்குவதும்தான் காரணம், மலச்சிக்கல் அடுத்தது. மண்டை இடிக்கும், முகம் சிவக்கும், காயத்துக்கு மேலே வியர்க்கும். அழுத்தத்தின் மேல் எண் உங்கள் இயல்பைவிட 20 முதல் 40 வரை ஏறினாலே கவனிக்க வேண்டும். உங்களுக்கு இயல்பே 100 என்றால், 135 பார்த்து "நார்மல்தானே" என்று சொல்கிறவர் மருத்துவமனையிலேயே இருப்பார். எனவே உங்கள் இயல்பான அளவை ஒரு அட்டையில் எழுதிக் கட்டிலருகே ஒன்று, நாற்காலிப் பையில் ஒன்று வையுங்கள். கீழே இதையும் எழுதுங்கள்: உடனே நிமிர்ந்து உட்கார், கால்களைத் தொங்கவிடு, இறுக்கமான உடையைத் தளர்த்து, குழாயைப் பார், குறையாவிட்டால் ஆம்புலன்ஸ். படுக்கவைக்கக் கூடாது. கட்டிலில் படுத்தபடியே கைக்கு எட்டும் தொலைவில் போன் இருக்கட்டும். எண் போட்டுத் திறக்கும் சாவிப்பெட்டி வாசலில் இருந்தால் ஆம்புலன்ஸ்காரர் கதவை உடைக்க வேண்டியதில்லை.

உதவியாளர் ஒருவரையே நம்பாதீர்கள். காலைக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர், தேவைப்பட்டால் இருவரும் மாற்றி வரட்டும். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் உங்கள் நாள் நின்றுபோகக் கூடாது. வேலைகளை நீங்களே வரிசையாக எழுதிக் கொடுங்கள்: எந்தக் காலுறை முதலில், கட்டிலுக்கு எத்தனை டிகிரி சாய்வாக நாற்காலியை நிறுத்துவது, எப்போது தொடக்கூடாது என்பது வரை. இடம் மாற்றும்போது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது என்பதை முதல் நாளே சொல்லுங்கள். தோள் போனால் உங்கள் நடமாட்டமே போய்விடும்.

சம்பளம், விடுப்பு, விலகுவதற்கு முன்னறிவிப்பு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். இன்னொன்றும் சேருங்கள்: உங்களைப் பற்றிய தகவலை உங்கள் வீட்டாருக்குச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் முடிவு. இதை எழுதாவிட்டால் உதவியாளர் மெல்ல மெல்ல வீட்டாரின் கண்காணிப்பாளர் ஆகிவிடுவார்.

சமவுரிமை:
1962-ல், போலியோவால் உடல் செயலிழந்த எட் ராபர்ட்ஸ் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, அவர் மூச்சுவிட உதவிய பெரிய இயந்திரமான இரும்பு நுரையீரலுக்கு விடுதி அறை கொள்ளவில்லை; வளாக மருத்துவமனையில் தங்கிப் படித்தார். பிறகு 1972-ல் மாற்றுத்திறனாளிகளே நடத்தும் சுயவாழ்வு மையம் பெர்க்லியில் உருவானது. எல்லா வேலையையும் தானே செய்வதல்ல சுயவாழ்வு; யார், எப்போது, எப்படி உதவுவது என்று தானே முடிவெடுப்பது. 2006-ல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: எங்கே, யாருடன் வாழ்வது என்பது உங்கள் தேர்வு. தனி உதவியாளர் சேவையும் அதில் பெயர் சொல்லியே வருகிறது. வீட்டாரிடம் அனுமதி கேட்காதீர்கள், திட்டத்தைக் காட்டுங்கள்.

உரிமையாளருக்கு வாய்மொழி போதாது, தேதியிட்ட கடிதம் கொடுங்கள். என்ன மாற்றம், எந்தத் தடையை அது நீக்கும், செலவு யாருடையது, எந்த நாளுக்குள் பதில் வேண்டும் என்ற நான்கும் இருக்க வேண்டும். மருத்துவ வரலாறு முழுவதையும் எழுத வேண்டாம். நாற்காலியில் இருக்கிறீர்கள் என்பதே போதும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அளவுக்கு மீறிய சுமை இல்லாத மாற்றத்தை மறுப்பதை அந்த உடன்படிக்கை பாகுபாடு என்றே வரையறுக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் அதை எப்படி ஏற்றிருக்கிறது என்று பார்த்து, அந்தப் பிரிவையும் கடிதத்தில் சேருங்கள்.

புதுவாசல்:
மிக்க நன்றி. முகப்புப் பிரச்சினைக்கு மடக்கி வைக்கும் சாய்தளம் சரிவருமா?

சாய்கோணம்:
ஒரு படிக்குச் சரி, 15 செ.மீ.க்கு 1.8 மீட்டர் போதும். 45 செ.மீ.க்கு வேண்டாம், அதை விரிக்க இன்னொருவர் வேண்டியிருக்கும். துண்டு துண்டாகப் போல்ட் போட்டு இணைக்கும் அலுமினியச் சாய்தளம் கேளுங்கள். சுவரைத் தொடாமல் தரையில் நிற்கும், வீட்டைக் காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகலாம். உரிமையாளர் கடிதத்தில் இதையே எழுதுங்கள்.