ஒரே வேகம், ஆனால் பிரேக் விழும் இடம் மாறுகிறது: ஏன்?

கேள்வி: யூரோ என்கேப் (ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் அமைப்பு) முறையில், நிற்கும் கார் பொம்மையை (பலகைகளை அடுக்கி உறை போட்ட, கார் போன்ற மாதிரி) நோக்கி 40 கி.மீ. வேகத்தில் தானியங்கி அவசர பிரேக் சோதனை. ஒவ்வொரு ஓட்டத்திலும் பிரேக் விழும் தூரம் மாறுகிறது. எதை முதலில் பார்ப்பது?

பதில் 1: வேகம் மட்டும் போதாதுங்க. பக்கவாட்டு விலகல் 5 செ.மீ.க்குள், வேகம் 40-41க்குள், ஸ்டியரிங் திருப்பம் நொடிக்கு 15 டிகிரிக்குள் இருக்கணும். கையால் ஓட்டி இதைப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம். ஸ்டியரிங்கைத் தானே திருப்பும் ரோபோ போடுங்க. முக்கியமா ஆக்சிலரேட்டர்! கடைசி நேரத்தில் அழுத்தம் கூடினால், ஓட்டுநரே சமாளிக்கிறார் என்று நினைத்து சிஸ்டம் பிரேக்கைத் தள்ளிப்போடலாம்.

பதில் 2: பொம்மையையும் பாருங்க. மோதிய பிறகு பலகைகளைக் கோணலாக அடுக்கினால் ரேடார் எதிரொலி மாறும். உறை கிழிந்திருந்தாலும் அப்படித்தான்.

கேள்வி கேட்டவர்: ரோபோ இருக்கு. முதல் இரண்டு ஓட்டத்தில்தான் பிரேக் விழும் தூரம் ரொம்ப மாறுது.

பதில் 1: அப்போ பிரேக்கும் டயரும் சூடாகாம இருக்கலாம், சென்சாரும் தயாராகாம இருக்கலாம். முதலில் 56 கி.மீ. வேகத்திலிருந்து சுமார் 0.5 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி) அளவில் வேகம் குறையும்படி 10 முறை நிறுத்துங்க. கேமரா, ரேடார் தானாக அளவுதிருத்திக்கொள்ள, மற்ற வண்டிகள் ஓடும் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து தொடங்குங்க.