‘த்ரீ டேஸ் ஆஃப் தி காண்டார்’: முதன்முதலில் பார்த்த அனுபவம்?

ஹாஸ்டலில் யாரோ கொண்டுவந்த சிடியில் பார்த்தேன். ஒற்றர் படம் என்றதும் கார் துரத்தலை எதிர்பார்த்து உட்கார்ந்தோம். வந்தவரோ புத்தகம் படித்துச் சம்பளம் வாங்குகிற ஆள்! ஹீரோ ராபர்ட் ரெட்ஃபோர்டு அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் ஊழியர்தான். ஆனால் உலகத்துக் கதைகளில் ஏதாவது சங்கேதமோ உபயோகமான யோசனையோ இருக்கிறதா என்று தேடுவதுதான் அவர் வேலை. மழைக்காகப் பின்வழியில் போய்ச் சாப்பாடு வாங்கி வருகிறார். வந்தால் ஆபீஸில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. கொலைகளைவிட எனக்குப் பயமாக இருந்தது அடுத்த காட்சிதான். தெருவோரப் போனிலிருந்து தலைமையகத்துக்குப் பதறிப் பேசுகிறார். எதிர்முனையில் இருப்பவர் துளி அசையாமல் அவருடைய சங்கேதப் பெயரைக் கேட்கிறார். நம் ஊர் ஆபீசர்களின் குரலும் அப்படித்தானே!

* * *

தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். படங்களில் போன் காட்சி வந்தாலே எரிச்சல் வரும், கண்டபடி எடுப்பார்கள். இதில் ரெட்ஃபோர்டு எக்ஸ்சேஞ்சுக்குள்ளேயே போய் லைன்களை ஒன்றோடொன்று கோத்துவிடுகிறார். அவர் எங்கிருந்து பேசுகிறார் என்று தேடுபவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடம் கிடைக்கிறது. இடுப்பில் டெஸ்ட் போனோடு திரிந்த எங்களுக்கு அந்தக் காட்சி தனி குஷி. அப்புறம் தபால்காரர் வேஷத்தில் வரும் அந்தக் கொலைகாரர். கையெழுத்துக் கேட்டு வந்து நிற்கிறார், காலில் மட்டும் பொருந்தாத ஷூ. அதைப் பார்த்த பிறகு கொஞ்ச நாள் கூரியர் பையன்களின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

* * *

நான் அப்பாவோடு பார்த்தேன். அவர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர். மேக்ஸ் வான் சிடோ கூலிக்கொலைகாரராக வந்து, உன்னைத் தேடி ஒருநாள் தெரிந்த முகம் ஒன்று சிரித்தபடி காரிலிருந்து இறங்கும் என்று நிதானமாக எச்சரிக்கும் இடத்தில் எனக்குச் சிலிர்த்தது. அப்பா அதற்கெல்லாம் அசையவில்லை. கடைசிக் காட்சியில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். நியூயார்க் டைம்ஸ் வாசலில் நின்று, எல்லாவற்றையும் இவர்களிடம் சொல்லிவிட்டேன் என்கிறார் ரெட்ஃபோர்டு. அவர்கள் அச்சிடுவார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார் சிஐஏ அதிகாரி. 1975 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளியான படம் இது. அதே வாரங்களில் இங்கே நெருக்கடி நிலை, பத்திரிகைத் தணிக்கை. அங்கேயோ சிஐஏ சொந்த நாட்டு மக்களையே வேவு பார்த்ததை அதே நியூயார்க் டைம்ஸ் 1974 டிசம்பரில் அம்பலப்படுத்தி, செனட் விசாரணையும் நடந்துகொண்டிருந்தது. “அவனாவது கேள்வியாகக் கேட்கிறான். எங்களுக்கு நேரே பேனாவால் கோடுதான்” என்றார் அப்பா.

* * *

ஜேம்ஸ் கிரேடியின் மூல நாவலில் ஆறு நாள், படத்தில் மூன்றாகச் சுருக்கிவிட்டார்கள். ரெண்டையும் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஃபே டனவேயைக் கடத்திக்கொண்டு போய் உடனே காதல் வருகிற பகுதி எனக்கு ஒட்டவே இல்லை. நாவலிலாவது அது சரியாக வந்திருக்கிறதா?