கூட வந்தவரை 25 மீட்டர் இழுக்க முடியாதவருக்கு டைவிங் கார்டு எதற்கு?

கடற்காகம்:
அந்தமானில் ஹேவ்லாக் தீவில் எடுத்த வீடியோ ஒன்று எல்லா குரூப்பிலும் சுற்றுகிறது. வீல்சேரிலிருந்து ஒருவரைத் தூக்கிப் படகில் ஏற்றுகிறார்கள், கடலில் இறக்குகிறார்கள், கடைசியில் கையில் கார்டோடு போட்டோ. கீழே ஒரே கைதட்டல். அவர் கடலுக்குள் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இன்ஸ்ட்ரக்டர் பிடித்துக்கொண்டால் 12 மீட்டர் வரை யாரும் போய் வரலாம், அதற்குத்தான் டிஸ்கவர் ஸ்கூபா இருக்கிறது. இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் கூட்டாளி ஒருவரோடு இறங்க அனுமதிக்கும் ஓபன் வாட்டர் கார்டு அப்படியில்லை. சோர்ந்துபோன கூட்டாளியை 25 மீட்டர் இழுத்துக் காட்டினால்தான் அது கிடைக்கும். கால் அசையாதவர் எதை வைத்து இழுப்பார்? இது கருணைக்குக் கொடுத்த கார்டு. நாளைக்கு அவரோடு இறங்குகிறவர் செத்தால் கைதட்டியவர்கள் வந்து நிற்பார்களா?

முதுகுத்தண்டு:
எனக்கு முதுகுத்தண்டில் அடி, டி10-க்குக் கீழே, அதாவது தொப்புளுக்குக் கீழே உணர்வு கிடையாது. ஓபன் வாட்டர் கார்டு இருக்கிறது. அந்த 25 மீட்டரை இழுத்துக் காட்டித்தான் வாங்கினேன். கூட்டாளியின் சிலிண்டர் வால்விலிருந்து என் ஜாக்கெட்டுக்கு ஒரு சின்ன வார், இரண்டு கையிலும் சவ்வு வைத்த கையுறை, மல்லாந்து படுத்துக் கையால் தள்ளிக்கொண்டே போனேன். இழுக்க வேண்டும் என்றுதான் விதி. காலால் இழுக்க வேண்டும் என்று எந்தப் பக்கத்தில் படித்தீர்கள்?

கடற்காகம்:
வார் கட்டி இழுத்தீர்களா, பேஷ். நீச்சல் குளத்திலா, கடலிலா?

முதுகுத்தண்டு:
கடலில். அடுத்த கேள்வி?

கடற்காகம்:
அலை இருந்ததா?

ஆலிவ்ரிட்லி:
நான் டைவ் இன்ஸ்ட்ரக்டர். சண்டைக்கு நடுவில் ஒரு தகவல் சொல்லிவிடுகிறேன். கடற்காகம் கேட்பது புதுக் கேள்வி இல்லை. ஜிம் கேட்டகர் 1981-இல் கலிஃபோர்னியாவில் ஹேண்டிகேப்டு ஸ்கூபா அசோசியேஷனைத் தொடங்கினார். அவர்கள் கார்டில் ஏ, பி, சி என்று மூன்று நிலை உண்டு. தன்னையும் பார்த்துக்கொண்டு கூட்டாளிக்கும் உதவ முடிந்தவர் ஏ, அவர் எல்லோரையும் போல ஒருவரோடு இறங்கலாம். தன்னைப் பார்த்துக்கொள்வார், ஆனால் கூட்டாளிக்கு உதவ முடியாது என்றால் பி, அவரோடு இரண்டு பேர் இறங்க வேண்டும். தன்னையே முழுதாகப் பார்த்துக்கொள்ள முடியாத சி நிலைக்காரருக்கும் இரண்டு பேர்தான், ஆனால் அதில் ஒருவர் மீட்புப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். இரண்டு பேரில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் மற்றவர் பார்த்துக்கொள்வார். உங்கள் பயத்துக்கு விடை அந்தக் கார்டிலேயே அச்சாகியிருக்கிறது. 2017-இல் டைவிங் கார்டு கொடுக்கும் பெரிய அமைப்பான பேடியும் (PADI) அடாப்டிவ் டெக்னிக்ஸ் என்று தனிப் பயிற்சியே கொண்டுவந்துவிட்டது.

கடற்காகம்:
நன்றி மேடம். என் கட்சிக்குத்தான் பேசியிருக்கிறீர்கள். பி, சி என்று பிரிக்கிறார்கள் என்றாலே அவரால் இழுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? இழுக்க முடியாதவருக்குக் கார்டு எதற்கு என்றுதான் முதலிலிருந்து கேட்கிறேன்.

முதுகுத்தண்டு:
நான் இழுத்தேன் என்று சொன்னதைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள். சரி, உங்கள் வழியிலேயே வருகிறேன். மயங்கிக் கிடப்பவரை அடியிலிருந்து மேலே கொண்டுவரும் பாடம் ஓபன் வாட்டரில் கிடையாது, அது ரெஸ்க்யூ டைவர் கோர்ஸில் வருகிறது. அப்படியென்றால் நீங்கள் சொல்லும் "கூட்டாளி சாவார்" என்ற கதையில், கால் நன்றாக இருக்கிற ஓபன் வாட்டர்காரரும் அதற்குப் பயிற்சி எடுக்காதவர்தான். இன்னொன்று. அந்தக் கார்டுக்குக் காலாவதியே கிடையாது. பத்து வருஷம் தண்ணீர் பக்கம் போகாமல், தொப்பையும் ரத்த அழுத்தமுமாக வந்து கார்டை நீட்டுகிறவரை எத்தனை பேர் படகில் பார்த்திருக்கிறோம். அவரிடம் 25 மீட்டர் இழுத்துக் காட்டு என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா? என் சக்கரத்தைப் பார்த்ததும்தான் உங்களுக்கு 25 மீட்டர் ஞாபகம் வருகிறது.

கைமொழிக்காரன்:
எனக்குக் காது கேட்காது. கீழே போனதும் எல்லோரும் நாலு சைகையை வைத்துக்கொண்டு தடுமாறும்போது நானும் என் நண்பனும் முழுக் கதையே பேசுவோம். இருந்தும் ஒரு கடையில் என்னைச் சேர்க்கவில்லை. படகில் கூப்பிட்டால் கேட்காதாம். இன்ஜின் ஓடும் படகில் யாருக்குத்தான் கேட்கிறது?

கடற்காகம்:
நண்பரே, உங்களைப் பற்றிப் பேச்சே இல்லை. உங்களால் இழுக்க முடியும்.

கைமொழிக்காரன்:
எனக்குச் சான்றிதழ் கொடுக்க நீங்கள் யார்?

திருச்சி_பிசியோ:
இரண்டு தரப்பும் 25 மீட்டரிலேயே சுற்றுகிறீர்கள், ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. முதுகுத்தண்டில் டி6-க்கு மேல், அதாவது நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு மூத்திரப்பை நிறைந்தாலே ரத்த அழுத்தம் திடீரென எகிறும், மண்டை பிளப்பது போல வலிக்கும். உடனே கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. தண்ணீரில் இறங்கினால் எல்லோருக்கும் மூத்திரம் கூடுதலாகச் சேரும் என்பதை மறக்கக் கூடாது. கழுத்தில் அடிபட்டவர்களுக்கு இருமும் பலம் குறைவு, உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். உணர்வில்லாத தோலைப் பவளம் கிழித்தாலும், வெயிலில் காய்ந்த படகுத் தளம் சுட்டாலும் தெரியாது. இன்னொரு முக்கியமான விஷயம்: ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடம்புக்குள் வாயுக் குமிழ்கள் உண்டாவதால் வரும் டீகம்ப்ரஷன் நோய் முதுகுத்தண்டைத் தாக்கினால் கால் மரத்துப்போகும், பலம் போகும். ஏற்கெனவே மரத்த காலில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் இறங்குவதற்கு முன்பே உணர்வு எதுவரை இருக்கிறது, எந்தத் தசைக்கு எவ்வளவு பலம் என்று பரிசோதித்து எழுதி வைக்க வேண்டும். நம் ஊரில் எந்தக் கடையில் செய்கிறார்கள்?

முதுகுத்தண்டு:
டாக்டர், இதுதான் உருப்படியான கேள்வி. எனக்கு எழுதி வைத்தார்கள். நானே கேட்டு வாங்கினேன். இறங்குவதற்கு முன் கதீட்டர் போட்டுப் பையைக் காலி செய்வேன், காலுக்கு முழு சூட், உள்ளே சாக்ஸ். மெலிந்த கால்கள் மேலே மிதக்கும் என்பதால் கணுக்காலில் சின்ன எடை. இதையெல்லாம் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற இன்ஸ்ட்ரக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் கடற்காகம் மாதிரி ஆட்கள் "கருணைக் கார்டு" என்று கேலி பேசிப் பேசியே கடைக்காரர்களைப் பயமுறுத்திவிடுகிறார்கள். முதல் கடையில் என் மெடிக்கல் பேப்பரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்தார்கள், "சீசன் முடிஞ்சிருச்சு சார்" என்றார்கள். எனக்குப் பின்னால் நின்றவருக்கு அடுத்த நாளே இடம் கிடைத்தது.

திருச்சி_பிசியோ:
நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆட்கள் முதுகுத்தண்டு அடிபட்ட முன்னாள் ராணுவ வீரர்களைக் கேமன் தீவுகளில் டைவ் செய்யவைத்துப் பார்த்தார்கள், முடிவுகளை 2011-இல் சொன்னார்கள். தசை இறுக்கம் குறைந்தது, மனசும் தேறியது.

கடற்காகம்:
எத்தனை பேர்?

திருச்சி_பிசியோ:
சின்ன ஆய்வுதான். முதல் கட்டம் அப்படித்தான் இருக்கும்.

கடற்காகம்:
விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களை ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனால் யாருக்கும்தான் மனசு தேறும். அதில் எத்தனை பேர் 25 மீட்டர் இழுத்தார்கள்?

மெரினா_பக்கம்:
எல்லோரும் 18 மீட்டர் ஆழத்தில் இருக்கிறீர்கள், நான் கரையிலேயே நிற்கிறேன். மெரினாவில் அலையைக் கிட்டப் போய்ப் பார்க்க நிரந்தரப் பாதை வந்தது 2022 நவம்பர் கடைசியில். மாண்டஸ் புயல் இரண்டு வாரத்தில் அதைப் பிய்த்துப் போட்டது, பிறகுதான் சரி செய்தார்கள். இத்தனை நீளக் கடற்கரை உள்ள மாநிலத்தில் ஒரு சக்கர நாற்காலி தண்ணீர் வரை போக எத்தனை இடம் இருக்கிறது? காசு உள்ளவர்கள் விளையாட்டுக்கு இவ்வளவு ஆவேசம், பஸ்ஸில் ஏற முடியாதவனுக்கு ஒரு வரி இல்லை.

முதுகுத்தண்டு:
தோழர், பஸ்ஸுக்கும் நான்தான் மனு எழுதுகிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பஸ்ஸோடு விளையாட்டும் பொழுதுபோக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது. முதலில் பஸ், பிறகு கடல் என்று வரிசை போட்டால் என் ஆயுசு பஸ் ஸ்டாப்பிலேயே முடிந்துவிடும். தண்ணீருக்குள் மட்டும்தான் யாரும் என்னைத் தள்ளுவதில்லை, தூக்குவதில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறேன், திரும்ப வேண்டிய பக்கம் திரும்புகிறேன். அதைப் பணக்கார விளையாட்டு என்று சொல்லாதீர்கள். இரண்டு வருஷம் சீட்டுக் கட்டிப் போனேன்.

மெரினா_பக்கம்:
சீட்டுக் கட்டவும் சம்பளம் வேண்டும், தோழர்.

ஆலிவ்ரிட்லி:
பிரிட்டனைச் சேர்ந்த கலைஞர் சூ ஆஸ்டின் 2012-இல் சக்கர நாற்காலியோடே கடலுக்குள் போனார், உந்துவிசைப் பொறி பொருத்திய நாற்காலி. அதைப் பார்த்த பிறகுதான் என்னிடம் நிறையப் பேர் விசாரித்தார்கள். ஆசை அப்படியும் வரும்.

கடற்காகம்:
அது கலை நிகழ்ச்சி மேடம். நாற்காலியால் யாரையும் இழுக்கவில்லை.

முதுகுத்தண்டு:
இந்தத் தளத்தில் பழைய திரிகளும் இருக்கின்றன, கடற்காகம். போன வருஷம் பவளப்பாறை மேல் துடுப்பை ஊன்றி நின்று போட்டோ போட்டது யார்? பாறையைக் காலால் உடைக்கிறவர்கள் எல்லோரும் கால் நன்றாக உள்ளவர்கள்தான். என் கால் இதுவரை ஒரு பவளத்தையும் ஒடித்ததில்லை.

கடற்காகம்:
அது மணல். அன்றைக்கே விளக்கம் கொடுத்தாயிற்று. பேச்சை மாற்றாதீர்கள்.

கைமொழிக்காரன்:
மணல் இல்லை. போட்டோவை நானும் பார்த்தேன். மூளைப் பவளம்.

கடற்காகம்:
போட்டோவில் மூளைப் பவளம் கண்டுபிடிக்கும் நிபுணர்களுக்கு வணக்கம். நான் டைவ் அடிக்க ஆரம்பித்தபோது இங்கே பாதிப் பேருக்கு ரெகுலேட்டர் என்றால் என்னவென்றே தெரியாது. என் கேள்வி அப்படியே நிற்கிறது. அலையில், நீரோட்டத்தில், 25 மீட்டர். யாரும் பதில் சொல்லவில்லை.

முதுகுத்தண்டு:
மூன்று முறை சொன்னேன். நாலாவது முறை: இழுத்தேன். நம்பிக்கை இல்லையென்றால் புதுச்சேரிக்கு வாருங்கள். நீங்களே சோர்ந்தவராகப் படுங்கள், உங்களையே இழுக்கிறேன்.

கடற்காகம்:
வருகிறேன். நவம்பரில் வைத்துக்கொள்ளலாமா? கடல் கொந்தளிக்கும்போது பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஆலிவ்ரிட்லி:
வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் நான் யாரையும் இறக்க மாட்டேன், நல்ல காலோ கெட்ட காலோ.

கடற்காகம்:
பார்த்தீர்களா, நழுவுகிறார்கள்.

முதுகுத்தண்டு:
கொந்தளிப்பில் படகே கிளம்பாது என்று தெரிந்துதான் நவம்பர் கேட்கிறீர்கள். மார்ச்சில் வாருங்கள். வாரை நான் கொண்டுவருகிறேன்.

கடற்காகம்:
வார் இல்லாமல்.