அசன வேலையைப் பிரித்துக் கொடுத்தும் எல்லாம் என் தலையிலேயே விழுகிறது

தேரிக்காட்டான்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்னச் சபையில் மூன்று வருஷமாகச் செயலாளராக இருக்கிறேன். போன அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்துக்கு, அரிசி, காய்கறி, விறகு, பந்தல், மைக்செட் எல்லாவற்றுக்கும் நான்தான் அலைந்தேன். உள்ளே போதகர் ஐயர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்க, நான் வெளியே சாம்பாருக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியும் கடைசிப் பந்தியில் சோறு தீர்ந்து, தெற்குத் தெருக்காரர்கள் பாதிப் பேர் சாப்பிடாமல் போனார்கள். அந்த முறுமுறுப்பு இன்னும் ஓயவில்லை.

இந்தத் தடவை கமிட்டியைக் கூட்டி வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆனால், 'அண்ணே, தக்காளி எத்தனை கிலோ?', 'அண்ணே, வாழையிலைக்கு யாரிடம் சொல்ல?' என்று ஒவ்வொன்றுக்கும் எனக்கே போன். பேசாமல் நானே செய்துவிடலாமா?

பழைய உபதேசியார்:
தம்பி, மோசேயும் அப்படித்தான் காலை முதல் சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்து வழக்குக் கேட்டார். மாமனார் எத்திரோ வந்து, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். வேதத்தில் யாத்திராகமம் 18ஐ இன்னொரு தரம் நிதானமாகப் படி. ஆயிரம் பேர், நூறு பேர், ஐம்பது பேர், பத்துப் பேர் என்று தலைவர்களை வைத்த பிறகு, சின்ன வழக்குகளை அவர்களே தீர்த்தார்கள். நீ வேலையைக் கொடுத்திருக்கிறாய், தீர்மானிக்கிற உரிமையைக் கொடுக்கவில்லை. தக்காளிக்குப் போன் போடுகிறவர் முன்பு உன்னிடம் திட்டு வாங்கினவரா?

தேரிக்காட்டான்:
ஐயா, மறைக்க முடியவில்லை. போன வருஷம் அவர் வாங்கி வந்த கத்தரிக்காயை எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பினேன். காய் அவ்வளவு மோசமும் இல்லை.

பாடகர்குழு அக்கா:
தெற்குத் தெரு விஷயத்தை யாரும் தொடவில்லையே! எருசலேமில் இருந்த ஆதிச் சபையிலும் சண்டை சாப்பாட்டில்தான் வந்தது. கிரேக்கம் பேசுகிற விதவைகளைச் சரியாக விசாரிக்கவில்லை என்று முறுமுறுப்பு. அப்போஸ்தலர் 6இல் பந்திவிசாரணைக்குத் தெரிந்துகொண்ட ஏழு பேரைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். மனத்தாங்கல் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்து ஆட்களிடமே பந்தியை ஒப்படைத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. உங்கள் கமிட்டியில் தெற்குத் தெருவிலிருந்து எத்தனை பேர்? அவர்கள் கையில் கரண்டியைக் கொடுங்கள். எந்தப் பந்தி எப்போது என்பதையும் அவர்களே சொல்லட்டும். வெறுமனே இலை எடுக்க மட்டும் கூப்பிட்டால் அதைவிடக் கேவலம் வேறில்லை.

கணக்கப்பிள்ளை:
அக்கா சொன்னது சரி. ஆனால் பணத்தை மட்டும் ஒரே ஆளிடம் விடாதீர்கள். எருசலேமுக்குத் தர்மப்பணம் சேர்க்கும்போது, அப்போஸ்தலன் பவுலே தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் சேர்த்து அனுப்பினார், யாரும் குற்றம் சொல்லக் கூடாது என்று. 2 கொரிந்தியர் 8இல் இருக்கிறது. பில்லில் இரண்டு கையெழுத்து வாங்குங்கள்.

தேரிக்காட்டான்:
அக்கா, கமிட்டியில் தெற்குத் தெரு ஆள் ஒருவர்கூட இல்லை. எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அங்கே போகிறேன். ஒத்துக்கொள்வார்களோ தெரியாது. அதற்கு முன்னால் இன்று ராத்திரியே கத்தரிக்காய் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும்.