மெத்தை வீடு ஒழுகுகிறது, பட்டா மாமனார் பெயரில் இருக்கிறது: 4.5 லட்சத்துக்கு எந்தக் கடன் சரி?

காரிமங்கலம் மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மாமனார் கட்டிய மெத்தை வீடு (கான்கிரீட் தளம் போட்டது), இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. போன மழையில் சமையல்கட்டு மேலே காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. துருவைச் சுரண்டிப் பூசி, மேலே பழைய தட்டோட்டை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிக்க 1.5 லட்சம் ஆகும் என்று மேஸ்திரி சொன்னார். மாமியாருக்கு முட்டி வலி, ராத்திரியில் வெளியே போக முடியவில்லை. அதனால் கழிப்பறையோடு ஒரு அறையும் சேர்க்க நினைக்கிறோம், அதற்கு 3 லட்சம்.

வீட்டுக்காரர் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். கைக்கு 27,000 வருகிறது. ஒரு ஏக்கர் மாந்தோப்பும் உண்டு, வைகாசி ஆனியில் ஏதோ ஒரு தொகை கிடைக்கும். வங்கியில் வீட்டைப் புதுப்பிக்கும் கடன் கேட்டோம். நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) பட்டா இறந்துபோன மாமனார் பெயரிலேயே இருப்பதால் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரருடன் பிறந்தவர் திருமணமான ஒரு நாத்தனார் மட்டும்தான்.

இப்போது கையில் உள்ள வழிகள்: வங்கியில் தனிநபர் கடன் 14%, நான்கு வருடம். ஒரு பைனான்ஸில் 12% தான் என்கிறார்கள். ஊரில் இரண்டு வட்டிக்குக் கிடைக்கும். என்னிடம் 11 பவுன் இருக்கிறது. அவருக்கு பி.எப். பணமும் இருக்கிறது. 12% குறைவுதானே, அதையே வாங்கிவிடலாமா? ஐப்பசி மழைக்குள் மெத்தை வேலை முடிய வேண்டும்.

பாலக்கோடு தக்காளிக்காரர்:
இரண்டு வட்டி மட்டும் வேண்டாம்மா. 4.5 லட்சத்துக்கு மாதம் 9,000 வட்டியே போய்விடும், அசல் அப்படியே நிற்கும். வருடத்துக்கு 24%.

பழைய வங்கி ஊழியர், தருமபுரி:
முதலில் அந்த 12% பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறைய குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. அது பிளாட் வட்டியா, குறையும் அசலுக்கு வட்டியா என்று கேளுங்கள். பிளாட் என்றால் நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும், முழு 4.5 லட்சத்துக்கும் நான்கு வருடமும் வட்டி போடுவார்கள். வட்டி 2,16,000. மாதத் தவணை 13,875.

வங்கியின் 14% குறையும் அசலுக்கானது. அதே தொகை, அதே நான்கு வருடத்துக்குத் தவணை சுமார் 12,300 வரும். மொத்த வட்டி 1,40,000 சொச்சம். அதாவது 12% என்று சொன்ன கடனில் 75,000 ரூபாய் கூடுதலாகப் போகிறது. வங்கி போடுவதுபோல் குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது கிட்டத்தட்ட 21%.

வாயால் சொல்லும் வட்டியை நம்ப வேண்டாம். 2024 அக்டோபர் 1 முதல், வங்கியானாலும் பதிவுபெற்ற பைனான்ஸ் கம்பெனியானாலும், தனிநபர்கள் வாங்கும் சில்லறைக் கடனுக்கு முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. செயலாக்கக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்த ஆண்டு வட்டி அதில் இருக்கும். இரண்டு இடத்துத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாள் தரத் தயங்குகிற இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று. 27,000 சம்பளத்தில் 12,300 தவணை என்பதே கழுத்தைப் பிடிக்கும். 4.5 லட்சத்தையும் ஒரே கடனாக ஏன் பார்க்கிறீர்கள்? மெத்தை வேலை காத்திருக்காது, ஏனென்றால் கம்பி துரு ஏற ஏறச் செலவும் ஏறும். அறை வேலைக்குச் சில மாதம் பொறுக்கலாம். 1.5 லட்சத்தை மட்டும் இப்போது நகைக்கடனாக எடுங்கள். பட்டாவைச் சரிசெய்த பிறகு 3 லட்சத்துக்கு மறுபடி வங்கிக்குப் போங்கள். 9.5% என்று வைத்தால், ஏழு வருடத்துக்குத் தவணை சுமார் 4,900 தான். வட்டி மாறும் வகை வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதமும் கிடையாது.

ஆவண எழுத்தர், கிருஷ்ணகிரி:
பட்டா விஷயம் நினைக்கிற அளவுக்குப் பெரிதல்ல. இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள், தாசில்தார் அலுவலகம் விசாரித்துத் தரும். மாமனார் உயில் எழுதவில்லை என்றால் மாமியார், மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. திருமணமாகிப் போன நாத்தனாருக்கும் உரிமை உண்டு. மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா வாங்கி, மூவரும் சேர்ந்து கடனுக்குக் கையெழுத்திடலாம். இல்லையென்றால் மற்ற இருவரும் தங்கள் பங்கை உங்கள் வீட்டுக்காரருக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிந்து தரலாம். நத்தம் இடத்தை அடமானமாக எடுப்பார்களா, மாமியாரின் வயது தடையாகுமா என்று அந்தக் கிளையிலேயே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் பத்திரச் செலவு செய்ய வேண்டாம்.

காரிமங்கலம் மருமகள்:
ரொம்ப நன்றி அண்ணா. பைனான்ஸில் போன் போட்டுக் கேட்டேன், பிளாட் தானாம். நாத்தனார் கையெழுத்துப் போடுவார். ஆனால் விடுதலைப் பத்திரம் என்றதும் மாமியார் முகம் வாடிவிட்டது. நகையை வைக்கவும் பயமாக இருக்கிறது, மாங்காய் விளையாவிட்டால் என்ன செய்வது? பி.எப்.பை எடுத்துவிடலாமா?

பழைய வங்கி ஊழியர், தருமபுரி:
அம்மாவை வற்புறுத்த வேண்டாம். அவர் வாழ்கிற வீடு, பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். கூட்டுப் பட்டாவே போதுமா என்று கேளுங்கள்.

வீட்டுக்கென்று பி.எப். முன்பணம் எடுக்க, வீடு உறுப்பினர் பெயரிலோ கணவன் அல்லது மனைவி பெயரிலோ இருக்க வேண்டும் என்பது வெகுநாளைய விதி. அது இன்னும் அப்படியே இருந்தால் இதுவும் பட்டாவில்தான் முட்டும், பி.எப். அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2024-25க்கு 8.25% வட்டி தந்த பணம் அது, கடைசிக் கைப்பிடியாக இருக்கட்டும்.

நகை பற்றிய பயம் நியாயம். ஆனால் 1.5 லட்சத்துக்கு 11 பவுனையும் வைக்கத் தேவையில்லை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறையான விதிப்படி 2.5 லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு மதிப்பில் 85% வரை தரலாம். தேவையான அளவு மட்டும் வையுங்கள். கல் வைத்த நகை வேண்டாம், கல்லுக்கு மதிப்பு போட மாட்டார்கள். மொத்தமாக அடைக்கும் வகைக்கு 12 மாதம்தான் கெடு. மாமரம் ஒரு வருடம் காய்த்தால் மறு வருடம் குறையும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் ஆனியை மட்டும் நம்பாமல் மாதம் 5,000 அசலில் கட்டிவாருங்கள், மிச்சத்தைத் தோப்புப் பணம் பார்த்துக்கொள்ளும். முழுதும் அடைத்தபின் அன்றே, அதிகம் போனால் ஏழு வேலை நாளுக்குள் நகையைத் தர வேண்டும். தாமதம் அவர்கள் பக்கம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. சொசைட்டி, கூட்டுறவு வங்கி, கிராம வங்கி, பொதுத்துறை வங்கி நான்கிலும் வட்டி கேட்டுவிட்டு வையுங்கள்.

ஓசூர் மத்திகிரி:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு ஏற்கெனவே வீட்டுக்கடன் ஓடுகிறது. மாடிப் படிக்கு 2 லட்சம் வேண்டும். தனிநபர் கடன் எடுக்கலாமா?

பழைய வங்கி ஊழியர், தருமபுரி:
வேண்டாம் தம்பி. அதே வங்கியில் டாப்-அப், அதாவது ஓடுகிற வீட்டுக்கடனுக்கு மேலேயே கூடுதல் கடன், கேளுங்கள். பத்திரம் அவர்களிடமே இருக்கிறது, வட்டியும் தனிநபர் கடனைவிடப் பெரும்பாலும் குறைவு. பழைய வருமான வரி முறையில் இருந்தால், குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடன் வட்டிக்கு வருடம் 30,000 வரை கழிவும் உண்டு. ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

காரிமங்கலம் மருமகள்:
சரி அண்ணா, முடிவு செய்துவிட்டோம். வளையல் இரண்டும் ஒரு சங்கிலியும் மட்டும் வைக்கிறோம். மேஸ்திரியிடம் மெத்தை வேலைக்குத் தனியாக மதிப்பீடு எழுதித் தரச் சொல்லிவிட்டேன். வாரிசுச் சான்றுக்கு மாமனாரின் இறப்புச் சான்று, எல்லோருடைய ஆதார் தவிர வேறு என்ன கொண்டுபோக வேண்டும்?

ஆவண எழுத்தர், கிருஷ்ணகிரி:
குடும்ப அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சான்றிலும் மாமனார் பெயரின் முதலெழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அதில் வித்தியாசம் இருந்தால்தான் அலைய வேண்டியிருக்கும்.