நாலு குறுநாவல் ஒரே மூச்சில் போகிறது, ஒரு பெரிய நாவல் மட்டும் ஏன் நகர மாட்டேன் என்கிறது?

கார்முகில்:
ஒரு காவல் இயந்திரமே கதை சொல்லும் மார்த்தா வெல்ஸின் மர்டர்பாட் வரிசையில் முதல் நான்கு குறுநாவல்களையும் அடுத்தடுத்து முடித்தேன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 பக்கம். அதற்கு முன்னால் எடுத்த ஒரு தடித்த விண்வெளி நாவலில் எந்தக் கிரகம் யாருடையது, எந்த வம்சம் யாரைக் கவிழ்த்தது என்றே பக்கம் பக்கமாகப் போனதால் பாதியில் வைத்துவிட்டேன். போன் பார்த்துப் பார்த்துக் கவனம் போய்விட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் இந்த நான்கையும் சேர்த்தால் அதுவும் ஒரு தடித்த நாவல் அளவுக்கு வருகிறது, எங்கேயும் தடுக்கவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது இந்தச் சின்ன, வேகமான தொடர்களில்? இதே மாதிரி வேறு என்ன படிக்கலாம்?

தேன்சிட்டு:
உங்கள் கவனத்தில் ஒரு குறையும் இல்லை. முதல் புத்தகத்தின் முதல் காட்சியை இன்னொரு தடவை படியுங்கள். ஒரு கிரகத்தில் ஆய்வு நடக்கிறது, பள்ளத்துக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பிராணி எழுந்து ஒரு விஞ்ஞானியைக் கவ்வுகிறது, காவல் இயந்திரம் பாய்ந்து அவரை மீட்கிறது, மீட்பதற்குள் அதன் உடம்பே பிய்ந்துபோகிறது. இதைப் பார்த்த இன்னொரு விஞ்ஞானி அதிர்ச்சியில் நகர முடியாமல் கிடக்கிறார். அவரைக் கிளப்ப அது தலைக்கவசத்தைத் திறந்து தன் முகத்தைக் காட்டி, மெதுவாகப் பேச்சுக் கொடுத்தபடியே வெளியே கூட்டி வருகிறது. அந்தச் சில பக்கங்களுக்குள்ளேயே அது வாடகைக்கு விடப்படும் இயந்திரம், தன்னைக் கட்டுப்படுத்தும் கருவியை ரகசியமாக முறித்துவிட்டது, அதன் ஒரே ஆசை தொடர்களைப் பார்த்துக்கொண்டு தனியாக இருப்பது, தன் முகத்தை மனிதர்கள் பார்ப்பதே அதற்குப் பிடிக்காது, எல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. விளக்கம் சொல்வதற்காகக் கதை எங்கேயும் நிற்கவில்லை. உலகத்தைப் பற்றிய தகவல் ஆபத்தோடு சேர்ந்தே வந்தால் யாரும் மறக்க மாட்டார்கள்.

அப்புறம் அளவு. அறிவியல் புனைவுக்குக் கொடுக்கும் ஹ்யூகோ விருதில் குறுநாவல் என்றால் 17,500 முதல் 40,000 வார்த்தைக்குள் இருக்க வேண்டும், இந்த முதல் புத்தகம் 2018இல் அந்தப் பிரிவில்தான் வென்றது. அந்த அளவுக்குள் ஒரு இடம், ஒரு சிக்கல், நாலைந்து பேர், அவ்வளவுதான் பிடிக்கும். எழுதுபவர் எதை விடுவது என்று முடிவெடுத்தே ஆக வேண்டும்.

பழம்புத்தகம்:
இந்த வித்தையை ஜெர்மன்காரர்கள் 1961இலேயே ஆரம்பித்துவிட்டார்கள். பெரி ரோடன் என்று ஒரு தொடர், வாரம் ஒரு மெல்லிய இதழ், அறுபது பக்கச் சொச்சம். கே. எச். ஷீரும் கிளார்க் டார்ல்டன் என்ற புனைபெயரில் வால்டர் எர்ன்ஸ்டிங்கும் தொடங்கினார்கள். 30, 50 இதழோடு நிறுத்திவிடுவதாகத்தான் திட்டம், 2019இல் 3000ஆவது இதழ் வந்தது!

முதல் கதை வந்த நேரத்தைக் கவனியுங்கள். ஏப்ரலில் ககாரின் விண்வெளிக்குப் போகிறார், ஆகஸ்ட்டில் பெர்லினில் சுவர் எழுகிறது, செப்டம்பரில் இந்த இதழ் கடைக்கு வருகிறது. நிலவில் இறங்கும் கதாநாயகன் ரோடன் அங்கே பழுதாகிக் கிடக்கும் வேற்றுலகக் கப்பலைக் கண்டுபிடிக்கிறான், அந்தத் தொழில்நுட்பத்தை எந்த வல்லரசுக்கும் கொடுக்காமல் கோபி பாலைவனத்தில் இறங்கிவிடுகிறான். நாளைக்கே போர் வெடிக்குமோ என்று பயந்துகொண்டிருந்த ஒரு நாட்டு வாசகர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! பல பேர் சேர்ந்து எழுதினாலும் கதை சிதறாமல் இருக்கக் காரணம், ஒவ்வொரு இதழுக்கும் முன்கூட்டியே ஒரு கதைச்சுருக்கம் தயாராகி எழுத்தாளர் கைக்கு வந்துவிடும். வாரத்துக்கு ஒரு ஆபத்து தீரும், பெரிய முடிச்சு அவிழப் பல மாதம் ஆகும். முழுசாக வேண்டாம், 2011இல் கதையை முதலிலிருந்து புதிதாகச் சொல்ல ஆரம்பித்த நியோ வரிசை ஆங்கிலத்திலும் கிடைக்கிறது, அதில் ஆரம்பியுங்கள்.

ஊஞ்சல்:
எல்லாம் சரி, ஆனால் வேகத்தில் ஒன்று பறிபோகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வாரத் தொடர்களில் ஒரு கிரகமே அழியும், அடுத்த வாரம் அதற்காக யாரும் அழ மாட்டார்கள். துக்கத்துக்குப் பக்கம் வேண்டும். நம் ஊரிலேயே சுஜாதா விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வை எடுத்துக்கொள்ளுங்கள், அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஓட்டம்தான், இருந்தும் ஜீனோ என்கிற அந்த ரோபோ நாய்மேல் நமக்குப் பாசம் வந்ததற்குக் காரணம் ஓட்டத்துக்கு நடுவே அதைப் பேசவிட்டதுதான்.

தேன்சிட்டு:
ஊஞ்சல், வாரத் தொடருக்கு நீங்கள் சொல்வது பொருந்தும், மர்டர்பாட்டுக்கு முழுக்கப் பொருந்தாது. (மூன்றாவது புத்தகத்தின் முடிவைச் சொல்லப் போகிறேன், படிக்காதவர்கள் தாண்டிவிடுங்கள்.) மிக்கி என்கிற ரோபோவை அதன் மனிதர்கள் நண்பனாகவே நடத்துகிறார்கள், நம் காவல் இயந்திரத்துக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். கடைசியில் மிக்கி தன் தோழியைக் காப்பாற்றப் போய் நொறுங்குகிறது. அதற்கு அதிக இடம் கொடுக்கவில்லை, ஆனால் அதுவரை எரிச்சல்பட்ட ஒன்றே அதைத் தாங்க முடியாமல் தவிப்பதால் எனக்கு அங்கே தொண்டை அடைத்துவிட்டது.

கார்முகில்:
அதே இடத்தில் நானும் புத்தகத்தை மூடி வைத்தேன். சரி, அடுத்து எதை எடுப்பது? வெளிவந்த வரிசையிலா, கதை நடக்கும் வரிசையிலா?

தேன்சிட்டு:
2021இல் வந்த ஃப்யுஜிடிவ் டெலிமெட்ரி ஒரு கொலை விசாரணை, சின்னது, கதைப்படி 2020இல் வந்த நெட்வொர்க் எஃபெக்ட்டுக்கு முன்னால் நடக்கிறது, அதனால் அதை முதலில் படித்தாலும் குழப்பம் வராது. நெட்வொர்க் எஃபெக்ட் முழு நீள நாவல், அதற்குள் போகும்போது உங்களுக்கு எல்லாரையும் தெரிந்திருக்கும். அதை முடிக்காமல் 2023இல் வந்த சிஸ்டம் கொலாப்ஸைத் தொடாதீர்கள், விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறது.